விஜயகுமாரி எழுந்து நின்ற நாள்

‘நல்லா இருந்துச்சு’ என்று மட்டும் இன்றைக்குச் சொல்லிவிடக் கூடாது, வேறு எதை வேண்டுமானாலும் சொல்லலாம், பேசாமல்கூட நின்றுவிடலாம், அது மட்டும் கூடாது என்று ஆறாம் வகுப்பு ஆ பிரிவின் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க ஒடுங்கி உட்கார்ந்திருந்த சங்கவி மூன்றாவது முறையாகத் தனக்குள் சொல்லிக்கொண்டாள். மதியச் சாப்பாடு முடிந்து ஐந்தாவது பீரியட். கைகழுவிய ஈரத்தைச் சீருடையில் துடைத்துக்கொண்டு பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அறை முழுக்க சத்துணவு முட்டையின் வாசனை. கரும்பலகைக்கு முன்னால் சகாயராணி தேதி எழுதிக்கொண்டிருந்தார். பச்சையில் வெள்ளைக் கரை போட்ட கல்லூரிச் சீருடைப் புடவை, கழுத்தில் அடையாள அட்டை. அந்த அட்டையில் ‘பி.எட். மாணவி’ என்று போட்டிருக்கும். மாணவிக்கு வயது முப்பத்தொன்பது. அவருக்கு வழிகாட்டி ஆசிரியை என்று பள்ளி நியமித்திருக்கும் சங்கவிக்கு இருபத்தேழு. முதல் நாள் இருவரையும் பார்த்த பெற்றோர் ஒருவர் சகாயராணியிடம் போய் வணக்கம் சொல்லிவிட்டு, சங்கவியிடம், “ட்ரெய்னிங்குக்கு வந்திருக்கியாம்மா?” என்று கேட்டது இப்போதும் காதில் சுடுகிறது. அவள் “இல்லை” என்றுகூடச் சொல்லவில்லை. சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்று இப்போது தோன்றியது. அன்றைக்குச் சிரித்தவள் நாற்பது நாளாகச் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். வகுப்பு முடியும், சகாயராணி சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு வருவார், “எப்படி மேடம் இருந்துச்சு?” என்பார், இவள் “நல்லா இருந்துச்சு” என்பாள், அவர் முகம் மலரும், இருவரும் தப்பித்தோம் என்று நடையைக் கட்டுவார்கள். இன்றையதும் ஒரு லீவும் போக முப்பத்தெட்டு நாள், முப்பத்தெட்டு நல்லா இருந்துச்சு. எண்ணி வைத்திருக்கிறாள். எண்ணுவது மட்டும் நன்றாக வரும் அவளுக்கு, கணக்கு டீச்சர் அல்லவா.

மடியில் அந்த நோட்டு கனத்தது. பிரதிபலிப்பு நாட்குறிப்பு என்று அதற்குப் பெயர். பயிற்சிக்கு வந்திருப்பவர் ஒவ்வொரு நாளும் தன் வகுப்பைத் தானே திரும்பிப் பார்த்து, எது நடந்தது, எது நடக்கவில்லை, நாளைக்கு எதை மாற்றுவது என்று எழுத வேண்டும். வழிகாட்டி ஆசிரியை அன்றன்றே பத்து நிமிஷம் கூட உட்கார்ந்து பேசி, கீழே உள்ள கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அப்படித்தான் முதல் பக்கத்தில் அச்சடித்திருக்கிறது. வழக்கம் வேறு. வழக்கம் என்னவென்றால் யாரும் உட்காரவும் மாட்டார்கள், பேசவும் மாட்டார்கள், நோட்டு ஒப்படைக்கும் நாளில் மொத்தமாக நாற்பது கையெழுத்து விழும். எண்பது நாள் பயிற்சியில் பாதி இன்றோடு முடிகிறது. நாலு மணிக்குக் கல்லூரியிலிருந்து ஆள் வந்து நோட்டை வாங்கிப்போவார், அதற்கு மதிப்பெண் உண்டு. மதியம் தலைமையாசிரியை வராந்தாவில் நின்றுகொண்டே, “சங்கவி, அந்த ட்ரெய்னிங் அம்மா நோட்டப் போட்டுக் குடுத்துடும்மா” என்றார். “படிச்சுப் பாத்துட்டுப் போடறேன் மேடம்” என்று இவள் சொன்னதும், “படிக்கிறதா? நாப்பது பக்கத்தையுமா? அதுல என்ன கதையா எழுதியிருக்கப் போவுது?” என்று சிரித்துக்கொண்டே போனார். அவர் சிரித்த சிரிப்பில் இவளுக்கும் சிரிப்பு வந்தது, அதே பழைய சிரிப்பு, உடனே சிவப்பு மைப் பேனாவை எடுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று போட ஆரம்பித்தாள். கண் படிக்கவில்லை, கைதான் போனது. பக்கத்துக்குப் பக்கம் ஸ்கெட்ச் பேனாவில் ஊதாவும் ஆரஞ்சுமாகக் கரை கட்டியிருந்தது. ‘மாணவிகள் ஆர்வமுடன் கவனித்தனர்.’ கையெழுத்து. ‘மாணவிகள் நன்கு புரிந்துகொண்டனர்.’ கையெழுத்து. இருபத்தாறு பக்கம் அப்படியே ஓடிப் போயிற்று. இருபத்தேழில் பேனா நின்றது. தேதிதான் நிறுத்தியது. அந்தத் தேதியில் பள்ளிக்கூடம் கிடையாது. அன்றைக்குக் காலையில் முழங்கால் வரை நனைந்து பேருந்திலிருந்து இறங்கி ஓடிவந்தவளிடம், பூட்டிய கேட்டுக்கு உள்ளேயிருந்து காவலாளி, “மழைக்கு லீவு விட்டாச்சே டீச்சர், நியூஸ் பாக்கலியா?” என்று கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. திரும்பிப் போகும்போது நனைந்த எரிச்சலையும் மீறி ஒரு சந்தோஷம் வந்ததும் ஞாபகம் இருக்கிறது. அந்த நாளில், பூட்டிய பள்ளியில், சகாயராணி பின்னங்களின் கூட்டல் நடத்தியிருந்தார். அது மட்டும் என்றால் தேதிப் பிழை என்று தள்ளிவிடலாம். அதற்குக் கீழே இருந்த வரிதான் அவளைப் பிடித்து உட்காரவைத்தது.

“குட் ஆஃப்டர்நூன் மிஸ்ஸ்ஸ்!” என்று பிள்ளைகள் இழுத்துப் பாடி உட்கார்ந்தார்கள். சகாயராணி சார்ட்டை எடுத்தார். அவர் சார்ட்டை விரிக்கிற அழகே தனி. ஒரு முனையைப் பிடித்து மணிக்கட்டால் ஒரே உதறு, தாள் காற்றில் நீந்தி மேசைமேல் சுருக்கமில்லாமல் வந்து படியும். பதினோரு வருஷம் ஜவுளிக் கடையில் புடவை விரித்த கை. முதல் வாரமே சங்கவி இதைக் கவனித்துவிட்டாள், ‘உங்க கை அழகா இருக்கு’ என்று சொல்ல ஆசைப்பட்டாள், சொல்லவில்லை. சொல்ல முடியாததற்கு ஒரு அற்பக் காரணம், அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததுதான். மேடம் என்றால் அவர் கூசிப்போகிறார், “அய்யோ, என்னப் போயி!” என்று. பெயர் சொல்ல நாக்கு எழவில்லை. அக்கா என்று கூப்பிட்டால் ஆசிரியர் அறையில் ஒரு வாரத்துக்குச் சிரிப்பார்கள். அவரோடு பயிற்சிக்கு வந்த இருபத்தொரு வயதுப் பெண்கள் எந்தக் கூச்சமும் இல்லாமல் ‘ஆன்ட்டி’ என்கிறார்கள், “ஆன்ட்டி, நம்ம காலேஜ்ல படிக்கிறது உங்க பொண்ணா நீங்களா?” என்று கேலி வேறு, அவரும் கூடச் சேர்ந்து சிரிக்கிறார். ஆனால் சிரித்து முடித்ததும் அடையாள அட்டையைத் திருப்பி, எழுத்து உள்பக்கம் போகும்படி விட்டுக்கொள்வதையும் சங்கவி பார்த்திருக்கிறாள். இப்படி நாற்பது நாளாகக் கூப்பிடாமலேயே ஓட்டியாயிற்று. பக்கத்தில் போய் நிற்பாள், அவராகத் திரும்பும்வரை நிற்பாள், திரும்பாவிட்டால் இருமுவாள். ஒரு மனுஷியைக் கூப்பிடவே தெரியாதவள் அவருக்கு என்ன வழியைக் காட்டிவிட முடியும். இல்லை, இந்தப் பேச்சு இப்போது வேண்டாம், இது தப்பித்துக்கொள்ளும் பேச்சு, என்னால் முடியாது என்று முதலிலேயே அழுதுவிட்டால் பிறகு எதையும் செய்ய வேண்டியதில்லை அல்லவா. முடியும். மணி அடித்ததும் வாயைத் திறக்க வேண்டும், திறந்தால் போதும், முதல் சொல் வந்துவிட்டால் மீதி பின்னாலேயே வரும்.

அந்த வரி. ‘கடைசி வரிசையில் அமர்ந்திருந்த விஜயகுமாரி என்ற மாணவி தயக்கத்துடன் எழுந்து சரியான விடை கூறியது எனக்கு மனநிறைவை அளித்தது. தயங்குபவர்களுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதை இன்று கற்றுக்கொண்டேன்.’ இந்த வகுப்பில் விஜயகுமாரி கிடையாது. வருகைப் பதிவேட்டைப் பார்க்கவே வேண்டியதில்லை, யாஷிகா, தன்ஷிகா, ரித்திகா, இரண்டு ஜனனி, மூன்று ஹரிணி என்று போகிற வரிசையில் விஜயகுமாரிக்கு எங்கே இடம். பதினோரு வயதுப் பிள்ளைக்கு இப்போது யார் அப்படிப் பெயர் வைக்கிறார்கள். அந்தப் பெயருக்கு இன்றைக்குச் சகாயராணியின் வயது இருக்கும். எந்தக் காலத்திலோ, எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ கடைசி பெஞ்சிலிருந்து எழுந்த பிள்ளை, நோட்டிலிருந்து நோட்டுக்கு, அக்காமார் நோட்டிலிருந்து தங்கைமார் நோட்டுக்கு, எழுந்தவள் உட்காரவே முடியாமல் வந்துகொண்டிருக்கிறாள். சங்கவிக்கு அவளை நன்றாகத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால், இதே கல்லூரியில் படிக்கும்போது, தன் சொந்த நோட்டில், அவளும் விஜயகுமாரியை எழுதியிருக்கிறாள். ஒரு எழுத்துப் பிசகாமல் இதே வரி. மதியம் அதைப் படித்ததும், ஊரெல்லாம் தேடினாலும் கிடைக்காது என்று தொலைத்துவிட்டு வந்த பொருளை யாரோ வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதுபோல் அவளுக்கு இருந்தது.

“ஒன்றின் கீழ் இரண்டு, கூட்டல், ஒன்றின் கீழ் மூணு. யாரு வந்து போடறீங்க?” முதல் பெஞ்சில் நாலு கை எழுந்தது. “மிஸ் நான் மிஸ், மிஸ் நானு!” வழக்கமாக இரண்டு ஜனனிகளில் ஒருத்தி போவாள், சரியாகப் போடுவாள், கைதட்டல் விழும். இன்றைக்குச் சகாயராணியின் பார்வை முதல் பெஞ்சைத் தாண்டி, கடைசிக்கு முந்தின பெஞ்சுக்கு வந்து, அங்கிருந்து ஒரு நொடி சங்கவியைத் தொட்டுத் திரும்பியது. “நீ வா கண்ணு, அந்த ரிப்பன் அவுந்திருக்கே, நீதான்.” அந்தப் பிள்ளை எழுந்தாள். இரட்டைப் பின்னலில் ஒன்றில் மட்டும் ரிப்பன் தொங்கியது. சாக்பீஸை வாங்கி, மேலே இருக்கிற ஒன்றையும் ஒன்றையும் கூட்டி இரண்டு, கீழே இருக்கிற இரண்டையும் மூன்றையும் கூட்டி ஐந்து என்று முத்து முத்தாக எழுதினாள். இரண்டின் கீழ் ஐந்து. எழுதிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று அதைப் பார்த்தாள், பார்வையில் என்னவோ இருந்தது, பெருமை இல்லை, வேறு என்னவோ. சகாயராணி டஸ்டரை எடுத்தார். எடுத்த கை அந்தரத்தில் நின்றது. ஒரு நொடி, இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியில் அவர் முகத்தில் ஓடியதைச் சங்கவி கடைசி பெஞ்சிலிருந்து பார்த்துவிட்டாள், அது கோபம் இல்லை, அலுப்பும் இல்லை, யாரோ தெரிந்தவரைக் கூட்டத்தில் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்களே அப்படி. பிறகு கை இறங்கியது. இரண்டும் ஐந்தும் வெள்ளைப் புகையாகப் போயின. “உக்காரு கண்ணு. ஜனனி, நீ வா.” ஜனனி வந்தாள், மீச்சிறு பொது மடங்கு ஆறு என்றாள், ஐந்தின் கீழ் ஆறு என்று போட்டாள், கைதட்டல் விழுந்தது. ரிப்பன் பிள்ளை தன் இடத்தில் உட்கார்ந்து ஜனனியின் விடையை நோட்டில் எழுதினாள், பிறகு ஓரத்தில் பொடியாக இரண்டின் கீழ் ஐந்து என்றும் எழுதி, உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

“எல்லாருக்கும் புரிஞ்சுதா?” “புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்.” ரிப்பன் பிள்ளையின் வாயும் அசைந்தது. சங்கவி நோட்டின் நாற்பதாவது பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள், இன்றைய பக்கம், மதியம் நோட்டு கைக்கு வரும்போதே எழுதி முடித்துக் கரை கட்டியிருந்த பக்கம். ‘இன்று பின்னங்களின் கூட்டல் நடத்தினேன். மாணவிகள் ஆர்வமுடன் கவனித்தனர். நன்கு புரிந்துகொண்டனர்.’ நடக்கப்போவதை முன்கூட்டியே பிரதிபலித்தாயிற்று, பிள்ளைகளும் தங்கள் பங்குக்குப் புரிஞ்சுது பாடிவிட்டார்கள், இனி இவள் ஒருத்திதான் பாக்கி, இவளும் நல்லா இருந்துச்சு என்று ஒரு வார்த்தை போட்டால் வட்டம் முடிந்தது. நாற்பது பேர் ஒரே குரலில் புரிந்தது என்று சொன்னால் அதற்குள் எத்தனை பேர் காணாமல் போயிருப்பார்கள். ஒருத்தி எங்கே நிற்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். வெண்ணிலா. நினைக்க வேண்டாம் என்று நினைக்கும் போதெல்லாம் வருகிற வெண்ணிலா. ஆறு வருஷத்துக்கு முந்திய பயிற்சிப் பள்ளி, இதே மாதிரி மதியப் பீரியட், “மொத வாரம் பல்லக் காட்டிடாதடி, ஏறி மேஞ்சுருவாங்க” என்று கூடப் படித்தவர்கள் சொல்லி அனுப்பிய முகத்தை இறுக்கமாகப் போட்டுக்கொண்டு, பலகையில் தப்பாகப் போட்ட வெண்ணிலாவிடம், “சரியா வர்ற வரைக்கும் அங்கேயே நில்லு” என்றாள். தன் குரல் அப்படிக் கடுமையாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம், உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சிகூட. வெண்ணிலா நின்றாள். பாடம் நடந்தது. மணி அடித்தது. சங்கவி சாமான்களை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த பீரியட் பாதியில் அந்த வராந்தா வழியாக வந்தபோது ஜன்னலுக்குள் பார்த்தாள். எல்லாரும் விளையாட்டுக்குப் போயிருந்தார்கள். காலி வகுப்பில், பலகைக்குப் பக்கத்தில், கையில் சாக்பீஸோடு அந்தப் பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். வேர்வையில் சாக்பீஸ் கூழாகி விரலிடுக்கில் வழிந்திருந்தது. உள்ளே போய், போம்மா விளையாடு என்று சொல்லியிருக்கலாம். நாலு அடி. போகவில்லை. பார்க்காததுபோல் நடந்துவிட்டாள். அந்த நாலு அடிதான் இன்னும் கிடக்கிறது, எங்கே போனாலும் கூடவே வருகிறது. அன்று மாலை விடுதியில் நோட்டைத் திறந்து, சீனியர் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ‘விஜயகுமாரி என்ற மாணவி தயக்கத்துடன் எழுந்து’ என்று எழுதினாள். அவளுடைய வழிகாட்டி ஆசிரியர் அதன் கீழே சிவப்பு மையில் ‘நன்று’ என்று போட்டார். நன்று! அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், இன்னிக்கு என்னம்மா ஆச்சு, முகம் ஏன் இப்படி இருக்கு என்று கேட்டிருந்தால், அவள் எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள், அழுதிருப்பாள், மறுநாள் போய் வெண்ணிலாவிடம் ஒரு வார்த்தை பேசியிருப்பாள். கேட்பார் என்று பக்கத்திலேயே நின்றாள். இருமக்கூடச் செய்தாள். நல்ல மனுஷர்தான், அவர் காலத்து அவசரம் அவருக்கு.

முதன்முதலில் அந்த வரியை எழுதியவள் யார் என்று யோசித்தால் ஆச்சரியமாக இருந்தது. யாரோ ஒருத்தி நிஜமாகவே காத்திருந்திருக்கிறாள். வகுப்பு சலசலத்திருக்கும், பீரியட் ஓடிக்கொண்டிருந்திருக்கும், அவள் கடைசி பெஞ்சைப் பார்த்தபடி நின்றிருக்கிறாள், அந்தப் பெயருள்ள நிஜப் பிள்ளை எழுந்து வாய் திறந்திருக்கிறாள். இத்தனை நோட்டுகளிலும் சேர்த்து உண்மையான வரி அது ஒன்றுதான். நடந்ததை எழுதியவளுக்கு அது சொந்தம், பார்த்து எழுதியவர்களுக்கெல்லாம் அது முகமூடி. சகாயராணியிடம் இதை எப்படிச் சொல்வது. அழுதுவிட்டால்? அழுகிறவரைத் தொட்டு ஆறுதல் சொல்ல இவளுக்குத் தெரியாது. கோபப்பட்டால்? ‘நீங்க மட்டும் என்ன, ஒழுங்கா எழுதினீங்களா?’ என்று திருப்பிக் கேட்டால்? கேட்கட்டும். இல்லை என்று சொல்வேன். அதைச் சொல்லத்தான் வேண்டும், முதலில் அதைச் சொல்லாமல் மற்றதைக் கேட்க எனக்கு வாய் ஏது. சங்கவி புறங்கையால் உதட்டுக்கு மேல் வேர்வையைத் துடைத்தாள். காலடியில் யாருடைய தண்ணீர் பாட்டிலோ உருண்டுகொண்டிருந்தது. அதை எடுத்து நிமிர்த்தி வைத்தாள், அப்போது மணி அடித்தது.

அடுத்து விளையாட்டுப் பீரியட் என்பதால் பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே கொட்டினார்கள். ஒரு நிமிஷத்தில் அறை காலி. சகாயராணி சார்ட்டைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, முந்தானையில் சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டபடி பெஞ்சுகளுக்கு நடுவில் வந்தார்.

“எப்படி மேடம் இருந்துச்சு?”

‘நல்லா’ என்று வாயில் வந்தேவிட்டது. சங்கவி அதை எச்சிலோடு விழுங்கினாள்.

“உக்காருங்க அக்கா.”

சகாயராணி நின்றார். நாற்பது நாளில் முதல் தடவையாகத் தன்னை யாரோ கூப்பிட்டதுபோல் பார்த்தார். பிறகு பார்வை நோட்டுக்குப் போயிற்று. “எதாவது விட்டுட்டேனா மேடம்? ரெண்டு பக்கம் பார்டர் போடாம இருக்கும். இப்பவே போட்டுடறேன், பேனா வெச்சிருக்கேன்.”

சங்கவி இருபத்தேழாவது பக்கத்தைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினாள். “இந்தத் தேதியில மழைக்கு லீவு.”

அவர் குனிந்து பார்த்தார், விரல்விட்டு நாள் கணக்கிட்டார், கை வாய்க்குப் போயிற்று. “ஏசப்பா! எல்லாரும் சீனியர் நோட்டப் பாத்துத்தான் மேடம் எழுதறோம். தேதிய மட்டும் வரிசையா மாத்திக்கிட்டே வந்தனா, இதையும் சேத்துட்டேன் போல. கிழிச்சிடட்டா?”

“இந்த விஜயகுமாரி என் நோட்டுலயும் இருந்தா.”

“உங்க நோட்டுலயா?”

“ஆறு வருஷத்துக்கு முன்னாடி. இதே வரிதான்.”

சகாயராணி அந்தப் பெயரை மறுபடி படித்தார். “பாவம், அவளுக்கு வருசா வருசம் எந்திரிச்சு நிக்கறதே பொழப்பாப் போச்சு” என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சங்கவி சொன்னாள், வெண்ணிலாவை, சாக்பீஸை, ஜன்னலை, நாலு அடியை. கோர்வையாக வரவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் குரல் போய்விட்டது. கண்ணை நோட்டின் ஊதாக் கரையிலேயே வைத்துக்கொண்டு சொல்லி முடித்துவிட்டு, மூச்சு வாங்கி, கேட்டாள்: “அந்த ரிப்பன் பொண்ணு போட்டத அழிக்கறதுக்கு முன்னாடி, கையத் தூக்கிட்டு நின்னீங்க. அப்போ என்ன நினைச்சீங்க?”

சகாயராணி முந்தானை நுனியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். முகம் மாறிக்கொண்டே வந்தது. “கையெழுத்துப் போட மாட்டேங்கறீங்களா? அப்படின்னா நேரா சொல்லிடுங்க மேடம். எம் பொண்ணு பன்னெண்டாவது படிக்கிறா. ராத்திரி ரெண்டு பேரும் ஒரே மேசையிலதான் ஒக்காந்து எழுதறோம். ‘நீ பாஸாயிடுவியாம்மா’ன்னு அவ என்னைக் கேக்கறா. இதுல மார்க்கு போச்சுன்னா நான் என்னத்தப் போயிச் சொல்ல?”

சங்கவிக்கு எழுந்து ஓடிவிடலாம்போல் இருந்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “படிக்காம இருபத்தாறு போட்டுட்டேன். அது என் தப்பு. மீதிப் பக்கத்துக்குப் போட மாட்டேன் அக்கா. ஆனா இன்னிக்கு நடந்தத நீங்க எழுதுனா, அந்தப் பக்கத்துக்குப் போடறேன். இன்னும் நாப்பது நாள் இருக்கு. தினம் பத்து நிமிஷம் ஒக்காருவோம். காலேஜ்லேர்ந்து வர்றவங்க கேட்டா நான் பேசிக்கறேன்.”

“நீங்களா?” சகாயராணிக்கு அந்த நிலையிலும் ஆச்சரியம் தாங்கவில்லை. “நீங்க பேசுவீங்களா?”

“பேசுவேன்.” குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் வந்தது.

மைதானத்தில் விசில் ஊதினார்கள். சகாயராணி கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். அழித்த இடத்தில் வெள்ளைத் தடம் இன்னும் இருந்தது. “பயந்துட்டேன்” என்றார். “மேலயும் மேலயும் கூட்டி, கீழயும் கீழயும் கூட்டியிருக்கா. தப்புன்னு எனக்குத் தெரியும். ஏன் மிஸ் தப்புன்னு ஒரு வார்த்த கேட்டுட்டா? கீழ இருக்கிறது ஒண்ணாக்கணும், மீச்சிறு பொது மடங்கு எடுக்கணும், அவ்வளவுதான் மனப்பாடமாத் தெரியும். ஏன்னு எனக்கு யாரும் சொல்லல. நானும் ஆறாவதுல இப்படியேதான் போட்டேன் மேடம். அச்சு அசல் இதேதான். ஒரு அடி வெச்சு அழிச்சாங்க. நான் அடிக்கல, அது ஒண்ணுதான் வித்தியாசம்.”

“இத எழுதுங்க.”

“இதையா? எனக்கே தெரியலன்னு நானே எழுதிக் குடுத்தா மார்க்கு கொறைப்பாங்க.”

“கொறைக்கலாம்” என்றாள் சங்கவி. குறைக்க மாட்டார்கள் என்று சொல்லத்தான் ஆசை. அது நல்லா இருந்துச்சு மாதிரி இன்னொன்று.

சகாயராணி பேனாவை எடுத்து நாற்பதாவது பக்கத்தின்மேல் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. கரை கட்டவில்லை, அடிக்கோல் வைக்கவில்லை, எழுத ஆரம்பித்தார். நாலைந்து வரி போனதும் பேனா நின்றது. நிமிர்ந்தார்.

“அந்தப் பொண்ணு பேரு என்ன மேடம்?”

சங்கவிக்குத் தெரியும். கடைசி பெஞ்சில் நாற்பது நாள் உட்கார்ந்தவளுக்கு எந்தப் பிள்ளைக்கு எந்த ரிப்பன் அவிழும் என்றுகூடத் தெரியும். பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொல்லாமல் இருந்தே பழகிய வாய், இந்த முறை வேண்டுமென்றே மூடிக்கொண்டது. “போயி அவகிட்டயே கேட்டுட்டு வாங்க அக்கா.”

பச்சைப் புடவை வராந்தாவில் இறங்கி மைதானத்தைக் குறுக்காகக் கடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வேப்பமரத்துக்குப் பக்கத்தில் ரிப்பன் பிள்ளை ரிங் விளையாட்டில் தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தாள். சகாயராணி அவள் முன்னால் போய்க் குனிந்தார், பிறகு குந்தி உட்கார்ந்தே விட்டார். ஏதோ கேட்டார். பிள்ளை முதலில் தலையைக் குனிந்துகொண்டு கால் விரலால் மண்ணைக் கிளறினாள். சகாயராணி எழவில்லை. மற்ற பிள்ளைகள் கூப்பிட்டார்கள், ரிங் வந்து பக்கத்தில் விழுந்தது, அவர் எழவில்லை. பிள்ளையின் கை மெல்ல உயர்ந்தது, காற்றில் ஒரு வட்டம் போட்டது, அதைக் குறுக்கே வெட்டியது. வாய் பேச ஆரம்பித்தது. சங்கவி ஜன்னல் கம்பியைப் பற்றினாள், பற்றிய பிறகுதான், இதேபோல் ஒரு ஜன்னலில் தான் நிற்பது இது இரண்டாவது தடவை என்று தோன்றியது.

திரும்பி வரும்போது சகாயராணியின் புடவைக் கரையில் மண். மூச்சு இரைத்தது. “லோகிதா” என்றார் வாசலிலேயே. “லோகிதா மேடம். எழுதிட்டு நின்னாளே, அப்பவே அவளுக்குச் சந்தேகமாம். ‘அரையோட இன்னும் கொஞ்சம் சேத்தா அரையவிட அதிகமாத்தானே மிஸ் வரணும், நான் போட்டது அரையவிடக் கொறஞ்சு போச்சே, எப்படி மிஸ்?’னு கேக்கறா! கேக்கத்தான் நின்னிருக்கா மேடம். நான் அழிச்சதும் ஒக்காந்துட்டா.” பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஏன் தப்புன்னு அவதான் எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கா. திங்கக்கிழம அவளையே பலகைக்குக் கூப்பிடப் போறேன்.”

எழுதினார். கொம்பு போட்டு, ல-வை எழுதி, கால் போட்டு, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி அந்தப் பெயரை எழுதினார். அதன் பிறகு வேகமாக ஓடியது கை. முடித்ததும் நோட்டைத் திருப்பிச் சங்கவி பக்கம் தள்ளினார். சீராக இல்லாத, இரண்டு இடம் அடித்துத் திருத்திய, கரையில்லாத ஒரு பக்கம்.

“எப்படி மேடம் இருக்கு?”

சங்கவி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். மறுபடி ஒரு தடவை படித்தாள். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள், ஆனால் கட்டத்தில் வைக்கவில்லை.

“திங்கக்கிழம அவள என்ன கேப்பீங்கன்னு எழுதலியே அக்கா” என்றாள், “அதையும் எழுதுங்க, நான் இருக்கேன்.”